நாலு வட்டத்துக் கண்ணாடி அடுப்பு

பிளேஸ்டோ, லண்டன்
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உங்களைச் சுகம் விசாரிக்க முன்னம் ஒரு கேள்வி. இரண்டு வட்டம் போதுமா, நாலு வேண்டுமா? நேற்று ஒருவர் போனில் கேட்டது இது. எனக்குப் பதில் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். யோசித்தும் தெரியவில்லை.

விஷயம் அடுப்பு. ஒக்ரோபரில் உங்கள் மடத்தின் விருந்தினர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன் அல்லவா? அந்தக் குசினியில் ஒரு பழைய மின்னடுப்பு இருந்தது. மேடு பள்ளம் இல்லாத வெள்ளைக் கண்ணாடி. சூடேறும் வட்டம் எங்கே என்று காட்ட மண்ணிறத்தில் கதிர் கதிராகக் கோடுகள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றேன். சூடேற ஏற வெள்ளை மெல்ல மஞ்சளானது. ஆறியதும் திரும்ப வெள்ளை. இரசாயனம் படித்தவளுக்கு இது அதிசயம் இல்லை. ஆனாலும் மூன்று நாளும் பார்த்தேன்.

வீட்டில் இருக்கிற இண்டக்ஷன் அடுப்பில் அம்மாவின் அலுமினியப் பிட்டுப் பானையை வைத்தால், பாத்திரமே வைக்கவில்லை என்று பீப் அடிக்கும். ஆறு வருசமாக அது சொன்னதைக் கேட்டு நடந்தேன். இனி ஏலாது.

பழையது தேடினால் கிடைப்பது சுலபம் இல்லை. இல்பேர்டில் ஒன்று மூலையில் வெடிப்பு. இன்னொன்றை விற்றவர் அதன்மேல் பூச்சட்டி வைத்துப் பத்து வருசமாம். கடைசியில் எங்கள் கோவில் பங்கு றோஸ்மலர் அன்ரி ஒரு நம்பர் தந்தா. குரோய்டனில் கொட்வின் அண்ணை என்று ஒரு மன்னார் ஆள், எலக்ரீசியன், கழற்றுகிற பழைய அடுப்புகளை எறியாமல் வைத்திருக்கிறாராம். அவர்தான் இரண்டா நாலா என்று கேட்டவர். தனியாக இருப்பவள் நாலு வட்டத்தில் என்ன வைப்பாள்?

உங்கள் முழங்கால் எப்படி? வேல்ஸில் பனி என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு இருமல் நின்றுவிட்டது. மதருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் என் வணக்கம்.

தங்கை றஜீனா


மடம், வேல்ஸ்
18 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் உன் இருமலை எடுத்தமைக்கு நன்றி. என் முழங்காலை அவர் இன்னும் கவனிக்கவில்லை. முழந்தாளிடும்போது சத்தம் வருகிறது. பக்கத்தில் இருக்கிற கேரளச் சகோதரி அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் படும் பாட்டை நான் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன்.

நீ பார்த்த அடுப்பின் சோடி எங்கள் குசினிக்குள் இருக்கிறது. எண்பதுகளில் யாரோ புண்ணியவான் இரண்டாகக் கொடுத்தது. பதினொரு வருசம் அதில் சமைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கேள்.

அவசரப்பட்டால் அது உன்னைத் தோற்கடிக்கும். கறி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிப்பாட்டு, மிச்சத்தை அது தானே பார்க்கும். அடி தட்டையான பாத்திரம் மட்டும். அடி உருண்ட தாச்சி வைத்தால் ஆடும், சூடாகாது. அலுமினியம் சாம்பல் நிறக் கோடு போடும், வினாகிரித் துணியால் துடைத்தால் போகும். சீனிப்பாகு வழிந்தால் சூட்டோடு சுரண்டு. ஆறவிட்டால் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வரும். வெள்ளையாக இருக்கிறது என்று நம்பிக் கையை வைக்காதே. ஒரு புதுமுகச் சகோதரி அதன்மேல் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டை அடுக்கி வைத்தா. அந்த வாசம் பாஸ்காத் திருநாள் வரைக்கும் இருந்தது.

இரண்டா நாலா என்பது எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பதினாலு பேருக்கு நாலு. உன் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது உனக்குத்தான் தெரியும்.

உன் நினைவாக,
அக்கா


பிளேஸ்டோ
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன், முழங்கால் நீங்கலாக.

நேற்று குரோய்டன் போனேன். டிஸ்ரிக்ட் லைனில் விம்பிள்டன் வரை, அங்கிருந்து ட்ராம். கொட்வினின் கராஜில் ஏழு அடுப்புகள் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டி எதையோ எழுதியிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். நேரம். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க எந்த வட்டத்துக்கு எத்தனை நிமிடம், எத்தனை செக்கன்.

"ஏன் இது?" என்று கேட்டேன்.

"வாங்கிறவை கேப்பினம் எண்டு."

"கேட்டவையோ?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை."

ஆரம்ப வெப்பநிலை என்ன என்று கேட்டேன். "பைப் தண்ணி. மாரியிலை பதினொண்டு பாகை" என்றார். அளந்து வைத்திருக்கிறார். எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சம்பளம் வாங்குகிறவர்களே சில நேரம் இதைக் கேட்காமல் விடுகிறார்கள்.

மனைவி இறந்து ஒன்பது வருசம். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு வயரிங் பார்க்கிறார். குசினி திருத்துகிற வீடுகளில் பழைய அடுப்பைக் கழற்றினால் குப்பை ஸ்கிப்பில் போட மனம் வராதாம். "வேலை செய்யிற சாமானை எப்பிடி எறியிறது" என்றார்.

நான் எடுத்தது நாலு வட்டம். இரண்டு வட்டத்தில் ஒரு கீறல் இருந்தது. காரணம் அதுதான்.

வீடு வந்து சேர ஒன்பது மணி. போனது மதியம் ஒரு மணி ட்ராமில். ட்ராம்கள் பிந்தின.

தங்கை றஜீனா


மடம், வேல்ஸ்
10 பெப்ரவரி 2025

தங்கச்சிக்கு அன்பும் ஆசீரும்.

உன் கடிதத்தை வாசித்து விளங்கிக்கொண்டேன். முதல் கடிதத்தில் கொட்வின் அண்ணை. இந்தக் கடிதத்தில் வெறும் கொட்வின். ட்ராமில் எங்கோ இறங்கிவிட்டார் போல அந்த அண்ணை.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் அடுப்பு ஒரு பக்கம்கூட இல்லை. கீறல் எவ்வளவு நீளம்? நீ அளக்காமல் விடுகிறவள் இல்லையே.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் மார்ச் ஐந்தாம் திகதி தவக்காலம் தொடங்குகிறது, உனக்குத் தெரியும். அதற்கு முதல் ஒரு கடிதம் போட்டால் நல்லது.

முழங்காலுக்கு மதர் ஒரு எண்ணெய் எடுப்பித்துத் தந்தா. வாசம் மட்டும் வேலை செய்கிறது.

அக்கா


பிளேஸ்டோ
22 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

கீறல் நாலு சென்ரிமீற்றர். சமையலைப் பாதிக்காது. இனி அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை அடுப்பு வந்தது. கொட்வின் வானில் கொண்டுவந்து தானே பொருத்திப் பூட்டினார். இண்டக்ஷனைக் கழற்றிய ஓட்டைக்குள் இது அளவாக இருக்கவில்லை, குசினி மேடைக் கல்லை வெட்ட வேண்டியதாகப் போயிற்று. இரண்டு மணித்தியாலம் தூசுக்குள் நின்றார். நான் விளக்குமாறோடு நின்றேன்.

அவர் போன பிறகு ஒரு லீற்றர் வைத்து அளந்தேன். அவருடைய ஒட்டுத்தாளில் ஒன்பது நிமிடம் நாற்பது. எனக்கு ஒன்பது ஐம்பத்தைந்து. போன் எடுத்துச் சொன்னேன்.

"பிளேஸ்டோவிலை வோல்ற்றேஜ் குறைவு" என்றார்.

"உங்கடை ஸ்டொப்வாட்ச் பிழையாயும் இருக்கலாம்."

"இருக்கலாம். கொண்டுவாறன். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பம்."

புதன்கிழமை கொண்டுவந்தார். இரண்டும் ஒன்றுதான். வோல்ற்றேஜ்தான் காரணம். ஒப்புக்கொண்டேன்.

அடுப்போடு வாழப் பழகுகிறேன். காலையில் எழும்பினவுடன் வட்டத்தைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போகிறேன், வர அது ஆயத்தமாக இருக்கிறது. ஆறு வருசத்துக்குப் பிறகு பிட்டு அவித்தேன். முதல் நாள் கல்லுக் கல்லாக இருந்தது, அது அடுப்பின் குற்றம் இல்லை. நிப்பாட்டிய பிறகும் இருபது நிமிடம் சூடு நிற்கிறது. அதில் ஒரு கோப்பை பாலை வைத்துவிட்டுப் பேப்பர் வாசிப்பது என் புதுப் பழக்கம்.

இன்னொரு விஷயம். போன ஞாயிறு பூசை முடிய றோஸ்மலர் அன்ரி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனா. பாரிஸில் ராஜி என்று அவவுக்கு ஒரு உறவுக்காரப் பெண், விதவை, நாற்பத்தாறு வயது. கொட்வினுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறா. "நீ அடுப்பெண்டு அந்த மனிசன்ரை வீட்டை போய் வாறனிதானே. படிச்ச பிள்ளை, பொய் சொல்லமாட்டாய். குடி கிடி இருக்கோ, நோய் வருத்தம் இருக்கோ, குணம் எப்பிடி, எல்லாத்தையும் வடிவா விசாரிச்சு எனக்கு எழுத்திலை தா. ஆனால் பொம்பிளை ஆரெண்டு மட்டும் வாய் திறக்காதை. சரிவராட்டி அவளுக்குத்தான் வெக்கம்" என்றா.

ஓம் என்றேன். மறுக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

றஜீனா


மடம், வேல்ஸ்
1 மார்ச் 2025

தங்கச்சி,

நலம். நேரம் இல்லை, நேரே சொல்கிறேன்.

காரணம் இருந்தது. நீ சொல்லவில்லை. அந்த மனிதரை உனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு நாற்பத்தொன்பது வயது, அவர் விதவன், இரண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. றோஸ்மலரிடம் போய், வேறு ஆளைப் பாருங்கோ என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது.

சொல்லமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். அப்படியானால் ஒன்று: அறிக்கையில் பொய் எழுதாதே. அவரைக் குறைத்து எழுதி அந்தப் பாரிஸ் பெண்ணைத் திருப்பி அனுப்பினாய் என்றால் பிறகு உன்னை உனக்கே பிடிக்காது.

புதன் தொடக்கம் உயிர்ப்புப் பாஸ்கா வரை எங்களுக்குக் கடிதம் இல்லை. எழுதவும் மாட்டோம், வாசிக்கவும் மாட்டோம். வருவதை மதர் உடைக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவா. ஆகவே இனி உன் புத்திதான்.

ஜெபிக்கிறேன். யாருக்காக என்று கேட்காதே.

அக்கா


பிளேஸ்டோ
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

இது அலுமாரிக்குப் போகிற கடிதம். ஐந்து கிழமைக்கு ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்து எழுதுவது சுகமாக இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்: நீங்கள் சொன்னது சரி.

எழுதிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். வீடு அப்படியே இருக்கிறது.

நேற்று எங்கள் பங்குப் பாதர் தவக்கால வீடு மந்திரிப்புக்கு வந்தார். றோஸ்மலர் அன்ரி தீர்த்தச் செம்போடு பின்னால். கொட்வினும் நின்றார், பின்பக்கத்து இடது வட்டத்தின் ஸ்விட்ச் இறுக்கமாக இருக்கிறது என்று பார்க்க வந்தவர். நான் சொதிக்குப் போட்டுவிட்டு மறந்துபோன வட்டம் முழுச் சூட்டில் இருந்தது. பாதர் புது அடுப்பு என்று கேள்விப்பட்டு, தனியாக ஒரு செபம் சொல்லித் தீர்த்தத்தை அள்ளித் தெளித்தார்.

சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. றோஸ்மலர் அன்ரி "ஐயோ மாதாவே, வெடிக்கப் போகுது" என்று பாதரின் அங்கியைப் பிடித்து இழுத்தா. பாதர் கதவு வரைக்கும் பின்னால் போய்விட்டார்.

"வெடிக்காது" என்றேன் நான்.

"வெடிக்காது" என்றார் கொட்வினும், அதே நேரத்தில்.

"எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறியள்?" என்று பாதர் கதவடியில் நின்று கேட்டார்.

"இந்தக் கண்ணாடி சூட்டிலை விரியாது, குளிரிலை சுருங்காது, பாதர். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ஒண்டும் செய்யாது" என்றார் கொட்வின்.

"அப்ப விசுவாசம் எங்களைவிட உங்களுக்குத்தான் கூட" என்றார் பாதர். மூன்று பேரும் சிரித்தோம். கொட்வின் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முதலில் தோள்தான் சிரிக்கிறது, முகம் பிறகுதான் சேர்ந்துகொள்கிறது.

றோஸ்மலர் அன்ரி சிரிக்கவில்லை. போகும்போது வாசலில் என் காதுக்குள், "அறிக்கை எங்கை?" என்றா.

றஜீனா


பிளேஸ்டோ
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

அறிக்கை கொடுத்துவிட்டேன்.

ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் விசாரிக்க எனக்கு ஏலாது. ஆகவே போன சனிக்கிழமை குரோய்டனுக்குப் போய் நேரே கேட்டேன். பெண் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன்.

"கொட்வின், சில கேள்வி கேக்க வேணும். கலியாண விஷயம்."

அவர் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தார். அதை நேராக வைத்தார். பிறகு, "கேளுங்கோ" என்றார்.

"நான் கேக்கிறது உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"இல்லை. நீங்கள்தானே கேக்க வேணும். வேறை ஆர் கேக்கிறது?"

என்னை நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். குடி கிறிஸ்மஸுக்கு ஒரு கிளாஸ். சிகரெட் இல்லை. கோபம் வருமோ என்று கேட்டேன். "வரும். கராஜுக்குள்ளை போவன். ஒரு அடுப்பைத் துடைச்சு முடிய அது போயிடும்" என்றார். வருத்தம் ஏதும் உண்டோ என்று கேட்டதும் உள்ளே போய் வைத்தியரின் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்தார். சீனி இல்லை, கொலஸ்திரோல் எல்லையில். நான் முழுவதையும் வாசித்தேன். கேளாமலே ஞானஸ்நானப் பத்திரத்தையும், மனைவியின் மரணப் பத்திரத்தையும் பிரதி எடுத்து ஒரு கவரில் போட்டுத் தந்தார்.

"அவவை மறந்துபோனன் எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனால் வீட்டிலை ஒரு ஆளோடை கதைக்க எனக்கு இப்பவும் விருப்பம்" என்றார்.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பிளேஸ்டோவிலை இருந்து குரோய்டனுக்கு வேலைக்கு வாறது ரெண்டு மாதம் பழகினால் சரிவரும், என்ன?"

ராஜி பாரிஸில் இருக்கிறா. இவர் ஏன் பிளேஸ்டோவைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சரிவரும் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆய்வுகூடத்தில் எழுதுவது போல எழுதினேன். பார்த்ததை ஒரு பக்கம், கேட்டதை மறு பக்கம். "தெரிவிக்கத்தக்க குறை எதுவும் காணப்படவில்லை" என்று முடித்தேன். இருபத்தைந்து வருசத்தில் பல நூறு தடவை எழுதிய வசனம். இந்த முறை கையெழுத்துப் போட நேரம் எடுத்தது.

பொய் எழுதவில்லை, அக்கா.

றஜீனா


பிளேஸ்டோ
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

பெரிய கிழமை, உயிர்ப்புக்கு முந்திய வாரம். உங்களுக்கு வேலை கூடவாக இருக்கும்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிய றோஸ்மலர் அன்ரி கொட்வினைப் பிடித்து, பாரிஸ், ராஜி, படம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறா. ராஜி உயிர்ப்புக்குப் பிறகு லண்டன் வருகிறாவாம். நான் மறுபக்கம் நின்றேன், கேட்கவில்லை. பிறகு அன்ரி வந்து சொன்னா.

"அந்தாள் படத்தைப் பாக்கவும் இல்லை. 'அப்ப றஜீனா கேட்டது உங்களுக்காகவோ?' எண்டு ஒரே ஒரு கேள்வி. ஓம் எண்டன். போயிட்டார். ஒரு நன்றியும் இல்லை. நீ 'குறை இல்லை' எண்டெல்லோ எழுதினனி?"

மூன்று தடவை அவருக்குப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. அவர் அப்படிக் கேட்டதற்கு இரண்டு விளக்கம் இருக்கலாம். ஒன்று, பெண்ணின் பெயரை ஒளித்ததற்காக என்மேல் கோபம். மற்றதை எழுத எனக்குத் துணிவு இல்லை, அலுமாரிக் கடிதத்தில்கூட.

இன்று பிட்டு அவிக்கவில்லை.

றஜீனா


மடம், வேல்ஸ்
21 ஏப்ரல் 2025, உயிர்ப்புத் திங்கள்

என் தங்கச்சி,

அல்லேலூயா. நேற்று மதர் அலுமாரியைத் திறந்தா. உன்னுடைய மூன்று. வரிசையாக வாசித்தேன், பிறகு தலைகீழாக வாசித்தேன். தீர்த்தம் தெளித்த பகுதியைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லோருக்கும் இங்கிலீஷில் சொன்னேன். எண்பத்தேழு வயதுச் சகோதரி ஒருவர் இருமி இருமிச் சிரித்தா. அடுத்தது என்ன என்று கேட்கிறா.

இரண்டாவது விளக்கம்தான், மடைச்சி. நீ கலியாணம் என்றாய், பெண் யார் என்று சொல்லவில்லை, ஒரு கேள்வி விடாமல் கேட்டாய், இரத்தப் பரிசோதனைத் தாளையும் வாசித்தாய். அந்த மனிதர் வேறு என்ன நினைப்பார்? உனக்கென்று நினைத்துத்தான் அத்தனை பதிலும் சொன்னார். பிளேஸ்டோவில் இருந்து வேலைக்குப் போக வழியும் கேட்டார். சரிவரும் என்றாய். அவர் கணக்கில் நீங்கள் இரண்டு பேரும் கலியாணத்தை அன்றைக்கே முற்றாக்கிவிட்டீர்கள். மூன்று கிழமை அந்தச் சந்தோசத்தோடு இருந்தவரிடம் போய் றோஸ்மலர் யாரோ ஒருவரின் படத்தை நீட்டியிருக்கிறா.

போன் எடுக்கவில்லை என்றால் என்ன, ட்ராம் ஓடுகிறதுதானே?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் இருபத்திரண்டு வயதில் மடத்துக்கு வந்தேன். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரைக்கும் பார்த்தது நீ. நீ பார்க்கிறாய், நான் ஜெபிக்கிறேன், சம பங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாளும் அதை நம்பியதில்லை. ஆகவே இது புத்திமதி இல்லை, நான் கேட்டுக்கொள்வது. போ.

முழங்கால் சுகம். எண்ணெய் என்கிறா மதர்.

அக்கா


பிளேஸ்டோ
3 மே 2025, சனிக்கிழமை

அன்புள்ள அக்கா,

முழங்கால் சுகம் என்பதில் சந்தோசம். எனக்கும் சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் இருபத்தாறாம் திகதி காலை வந்தது. வாசித்து முடித்து, வட்டத்தை நிப்பாட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். ட்ராமில் என்ன சொல்வது என்று ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் பிரயோசனப்படவில்லை.

கராஜ் திறந்திருந்தது. ஏதோ ஓர் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். அது ஏற்கெனவே முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கியது.

"எத்தினையாவது?" என்று கேட்டேன்.

"ஆறும் முடிஞ்சுது. திரும்பவும் முதலாவதிலை இருந்து."

"அவ்வளவு கோபமோ?"

"உங்களோடை இல்லை. என்னோடை. வயசுபோன நேரத்திலை, ஒருத்தி கேள்வி கேட்டவுடனை கவர் நிறையப் பத்திரம் குடுத்திருக்கிறன்."

அந்தக் கவரைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். றோஸ்மலர் அன்ரிக்கு அறிக்கையை மட்டும்தான் கொடுத்தேன், அக்கா. கவரைக் கொடுக்கவில்லை. ஏன் என்று அந்த நேரம் நான் என்னைக் கேட்கவில்லை.

"இது இன்னும் என்னட்டைத்தான் இருக்கு" என்றேன். "அவைக்காக விசாரிக்க வந்தது உண்மை. கேட்ட கேள்வியளிலை பாதி அவை கேக்கச் சொன்னது இல்லை. கோபம் வந்தால் என்ன செய்வியள் எண்டு கேக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியவேண்டி இருந்தது."

அவர் துணியை மடித்தார். நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்தார்.

"அப்ப அறிக்கையிலை என்ன எழுதினியள்?"

"தெரிவிக்கத்தக்க குறை எதுவும் காணப்படவில்லை."

"அவ்வளவுதானோ?"

"எங்கடை லாப்பிலை அதுக்கு மேலை ஒண்டும் எழுதிறேல்லை."

தோள் முதலில் சிரித்தது. பிறகு முகம். பிறகு நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் நிப்பாட்ட முடியவில்லை. பக்கத்து கராஜ்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று என்னை ஸ்டேசனில் விடவில்லை. வானில் பிளேஸ்டோ வரைக்கும் கொண்டுவந்து விட்டார். எந்த ரோட்டால் வந்தோம் என்று எனக்கு நினைவில்லை.

நாளைக்குப் பூசை முடிய இருவரும் பாதரிடம் போவதாக இருக்கிறோம். கலியாணம் என்றால் பங்கில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்க வேண்டும், அதற்கு முதலில் பதிய வேண்டும். பிறகு வீட்டில் சாப்பாடு. றோஸ்மலர் அன்ரியை நேற்றுப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா. என்னோடு இனிக் கதைக்கமாட்டா என்றுதான் எதிர்பார்க்கிறேன். பாரிஸில் இருந்து ராஜியும் வந்து நிற்கிறா, அவவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை. பாதர் திகதி கேட்டால் யோசித்துச் சொல்வதாகச் சொல்லப் போகிறேன். இந்த வயதில் அவசரப்பட ஒன்றும் இல்லை.

கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன். நான் எதிர்பார்ப்பதை எழுதியிருக்கிறேன். நடப்பதையும் எழுதிவிட்டு அனுப்புவதுதான் முறை.

4 மே, ஞாயிறு மாலை

நடந்தது இது.

றோஸ்மலர் அன்ரி கோவில் வாசலில் காத்துக்கொண்டு நின்றா. நான் வாய் திறக்க முதல் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற நாலு குடும்பத்துக்கும் கேட்கும்படி, "இது நான் செய்துவைச்ச சம்மந்தம். நான்தான் இவளை விசாரிக்க அனுப்பினனான்" என்றா. மறுத்துப் பேச எனக்கு ஆதாரம் இருக்கவில்லை.

ராஜி சிவப்புக் கோட்டோடு வந்தா. "அன்ரிக்கு நாலு தரம் சொன்னனான் எனக்குக் கலியாணம் வேண்டாமெண்டு. லண்டன் பாக்க டிக்கெற் எடுத்துத் தந்தவ எண்டு வந்தனான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னா. சாப்பாட்டுக்கு வந்தா. பிட்டு மூன்று தரம் போட்டுக்கொண்டா. அடுப்பு மஞ்சளாவதைக் குனிந்து பார்த்து, இப்படி ஒன்று பாரிஸில் கிடைக்குமோ என்று கொட்வினைக் கேட்டா. அவர் உடனே நிமிடமும் செக்கனும் சொல்லத் தொடங்கினார்.

அதற்கு முதல், பூசை முடிந்தவுடன், பாதரின் அறைக்குப் போனோம். அவர் பதிவுப் புத்தகத்தை விரித்தார். பெயர், ஊர், பங்கு எல்லாம் எழுதினார். கவரில் இருந்த பத்திரங்களைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆயத்தமாத்தான் வந்திருக்கிறியள்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "திகதி?" என்று கேட்டார்.

"ஓகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை" என்றேன்.

கொட்வின் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதரின் பேனையில் மை முடிந்திருந்தது. கொட்வின் தன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கொடுத்தார். பாதர் எழுதினார்.

உங்கள் தங்கை,
றஜீனா